ஐந்து வோல்ட் என்று எழுதியிருந்தால் போதுமா? – கணினி மின்வழங்கியின் வரலாறு



மேசைக் கணினியின் பெட்டியைத் திறந்தால், பின்புற மூலையில் மின்விசிறியோடு கூடிய ஓர் உலோகப் பேழை தெரியும். கடையில் 'பவர் சப்ளை' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இக்கட்டுரையில் அதனை மின்வழங்கி என்றே குறிப்பிடுகிறேன். அதன் மேல் ஒட்டிய தாளில் +12, +5, +3.3 என எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை இந்தச் சிறு அழுத்தங்களாக மாற்றி, ஏற்றத்தாழ்வு இல்லாமல் வழங்குவேன் என்பது அப்பேழை தரும் வாக்கு. அவ்வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்பதை அளந்து பார்த்தால்தான் அறிய முடியும்.

அளக்கும் முறையை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால், 'வோல்ட்' என்ற அலகு எப்படி வந்தது, ஏன் ஐந்து, ஏன் பன்னிரண்டு, எவ்வளவு விலகலாம் என்பதை யார் வகுத்தார்கள் என்ற கேள்விகளுக்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் பினாங்குக்கும் தமிழர் ஒருவருக்கும் சிறு இடம் உண்டு. ஆகவே முதலில் வரலாறு, பிறகு அளவீடு.

கடலடிக் கம்பியிலிருந்து பிறந்த அளவுகோல்

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, இருவேறு உலோகத் தகடுகளை உப்புநீரில் நனைத்த அட்டைகளுடன் மாற்றி மாற்றி அடுக்கித் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். அவர் பெயராலேயே மின்னழுத்தத்தின் அலகு வோல்ட் எனப்பட்டது. ஆனால் அவர் காலத்தில் 'ஒரு வோல்ட் என்பது இவ்வளவு' என்று காட்டும் பொது அளவுகோல் எதுவும் இல்லை. ஒவ்வோர் ஆய்வாளரும் தம் மேசையில் இருந்த மின்கலத்தையே அளவாகக் கொண்டார்.

இக்குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ள இயலாதவர்கள் தந்திப் பொறியாளர்கள். 1870-71ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அத்தகைய கம்பி நடுக்கடலில் பழுதானால், கப்பலை எங்கே கொண்டுசென்று கம்பியைத் தூக்குவது? கரையில் இருந்தபடியே மின்னளவுகளை எடுத்துக் கணக்கிட்டுத்தான் பழுதின் தூரத்தை அறிந்தனர். சென்னைக் கரையில் எடுத்த அளவும் பினாங்குக் கரையில் எடுத்த அளவும் ஒரே அலகில் இருந்தாக வேண்டிய தேவை அப்போது எழுந்தது.

கடலடித் தந்தித் துறையில் புகழ்பெற்ற இலாட்டிமர் கிளார்க் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1873இல் நிலையான அழுத்தம் தரும் மின்கலம் ஒன்றை உருவாக்கினார். 1881இல் பாரிஸ் நகரில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் ஆகிய அலகுகளை ஏற்றது. 1893இல் சிகாகோ மாநாடு கிளார்க் கலத்தின் அழுத்தத்தை 15 பாகை செல்சியசில் 1.434 வோல்ட் என்று வகுத்தது. அதே 1893இல் எட்வர்ட் வெஸ்டன் உருவாக்கிய கலம் வெப்பநிலை மாற்றத்தால் அவ்வளவாகப் பாதிக்கப்படாதது. அதனால் 1911 முதல் அதுவே அனைத்துலக அளவுகோலாயிற்று.

பிரையன் ஜோசப்சன் 1962இல் முன்னுரைத்த இயற்பியல் விளைவு ஒன்று, பிற்காலத்தில் மின்கலங்களையே இந்தப் பணியிலிருந்து ஓய்வுபெறச் செய்தது. 1990ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து அவ்விளைவின் அடிப்படையிலேயே ஆய்வகங்கள் வோல்ட்டை நிறுவி வருகின்றன. நாம் கையில் பிடிக்கும் மலிவான அளவுகருவியும் எங்கோ ஓர் ஆய்வகத்து அளவுகோலோடு பல படிகள் வழியாக ஒப்பிடப்பட்ட மரபில் வந்ததே.

அளவுகருவி கைக்கு வந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழுத்தத்திற்கு ஒரு கருவி, மின்னோட்டத்திற்கு ஒரு கருவி, மின்தடைக்கு ஒரு கருவி எனத் தனித்தனியே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பொறியாளர் டோனால்டு மெக்கேடி இச்சுமையால் சலிப்புற்று, மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கினார். 1923இல் விற்பனைக்கு வந்த அக்கருவிக்கு ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஏ.வி.ஓ.' எனப் பெயரிட்டார்கள். அதன் வழிவந்த எட்டாம் மாதிரி 2008 வரை உற்பத்தியானது என்றால் அதன் தரத்தை உணர்ந்துகொள்ளலாம். முள் காட்டும் அளவுக்குப் பதிலாக எண்ணையே காட்டும் கருவிகள் 1950களில் தோன்றின. 1970களின் பிற்பகுதியில் அவை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கின.

நம் மாநிலமும் இவ்வரலாற்றுக்குள் நுழைகிறது. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிகப் பகுதியில் தொழிற்சாலை தொடங்கிய நிறுவனங்களுள் இண்டெலும் எச்.பி.யும் அடங்கும். எச்.பி. நிறுவனத்தின் அளவுகருவிப் பிரிவு 1999இல் அஜிலெண்ட் எனத் தனியாகப் பிரிந்தது. அதிலிருந்து 2014இல் கீசைட் பிரிந்தது. மின்னளவுக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனம் இன்றும் பினாங்கில் இயங்குகிறது. பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியிலும் பாலத்திலும் கடல் கடந்து வேலைக்குச் சென்ற நம் பெற்றோர்கள் பலர் உலகத்து மின்னணுக் கருவிகளைத் தம் கைகளால் சோதித்து அனுப்பியவர்கள். 'அளந்து பார்' என்பது நம் ஊருக்குப் புதிய பாடமன்று.

சுவரிலிருந்து வரும் மின்சாரம்

மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கத்தைச் சொல்லும்போது தமிழர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1894இல் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி நிறுவி, மின்சாரத்தால் நீரிறைத்தவர்கள் லோக் இயூவும் கா.தம்புசாமி பிள்ளையும் ஆவர். பத்துமலை முருகன் கோயிலோடு நாம் இணைத்து நினைக்கும் அதே தம்புசாமி பிள்ளைதான்!

1949 செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமாயிற்று. 1990 செப்டம்பர் முதல் தெனாகா நேஷனல் என நாம் அறிவோம். நமக்கு அருகிலுள்ள பிறையில் 2016இல் செயல்படத் தொடங்கிய எரிவாயு மின்நிலையம் மட்டுமே ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஆற்றல் கொண்டது.

நம் வீட்டு மின்சாரம் 240 வோல்ட் என்று படித்துத்தான் என் தலைமுறை வளர்ந்தது. 2008 சனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். அதற்கு மேல் நூற்றுக்குப் பத்தும், கீழ் நூற்றுக்கு ஆறும் விலகலாம். அதாவது 216.2 முதல் 253 வோல்ட் வரை எதுவும் ஏற்புடையதே. இவ்வளவு அகன்ற எல்லைக்குள் ஏறி இறங்கும் மின்சாரத்தை வாங்கித்தான் மின்வழங்கி அசையாத ஐந்தையும் பன்னிரண்டையும் தர வேண்டும்.

இதற்கு மேல் மின்வெட்டு வேறு. 1992 செப்டம்பர் 29லும் 1996 ஆகஸ்டு 3லும் தீபகற்பம் முழுவதும் இருண்டதை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய பெருவெட்டுகள் அரியவை. இடிமழை நாளில் விளக்கு ஒருமுறை சிமிட்டி மீளும் சிறுவெட்டுகளே கணினிக்கு அன்றாடச் சோதனை. மின்சாரம் நின்றபின் குறைந்தது 16 மில்லிநொடியாவது மின்வழங்கி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. நம் நாட்டு மின்சாரத்தின் ஓர் அலை 20 மில்லிநொடி. ஓர் அலை முழுவதும் தவறினாலே கணினி மறுதொடக்கம் ஆகக்கூடும் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஏன் ஐந்து? ஏன் பன்னிரண்டு?

1964இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒருவகைத் தருக்கச் சில்லுகள் ஐந்து வோல்ட்டில் இயங்கின. அவ்வகையில் பெரும்புழக்கத்திற்கு வந்த 7400 வரிசைக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வழங்கலாம் என வரையறுத்தனர். கணக்கிட்டுப் பாருங்கள்: ஐந்திலிருந்து மேலும் கீழும் நூற்றுக்கு ஐந்து! இன்றும் நாம் மின்வழங்கியைச் சோதிக்கப் பயன்படுத்தும் எல்லை அதுதான். பன்னிரண்டு வோல்ட், வட்டுகளைச் சுழற்றும் மின்னோடிகளுக்கும் விசிறிகளுக்கும் தேவைப்பட்டது.

பழைய மின்வழங்கிகள் கனமான இரும்பு மின்மாற்றியைக் கொண்டவை. மிஞ்சிய ஆற்றலை வெப்பமாக வீணாக்கியவை. 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் என்பவர் வடிவமைத்த மின்வழங்கி 'சுவிட்ச்' முறையில் இயங்கியது. அம்முறையில் சுவர் மின்சாரம் முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றப்படும். பின்னர் அது நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டப்பட்டுச் சிறியதொரு மின்மாற்றி வழியாக இறக்கப்படும். வெளிவரும் அழுத்தத்தை உள்ளேயிருக்கும் ஒரு நிலையான அழுத்தத்தோடு ஒரு சுற்று ஓயாமல் ஒப்பிட்டு, குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். கிளார்க்கும் வெஸ்டனும் ஆய்வகத்தில் வைத்திருந்த அளவுகோலின் மிகச் சிறிய வாரிசு ஒன்று ஒவ்வொரு மின்வழங்கிக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் மின்வழங்கி 63.5 வாட் மட்டுமே. அதில் ஒரு நல்லேற்பாடு இருந்தது. எல்லா அழுத்தங்களும் சரியாக வந்தபிறகே 'மின்சாரம் நன்று' என்னும் குறிப்பைத் தாய்ப்பலகைக்குத் தனிக்கம்பி வழியாக அனுப்பும். அதன்பின்பே கணினி கண்விழிக்கும். 1995இல் இண்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறை, இந்தக் குறிப்பைத் தொடர்ந்து வைத்துக்கொண்டதோடு 3.3 வோல்ட்டையும், கணினி அணைந்திருக்கும்போதும் உயிரோடிருக்கும் ஐந்து வோல்ட்டையும் சேர்த்தது. 2000ஆம் ஆண்டில் பெண்டியம் 4 வந்தபோது செயலியின் பசி ஐந்து வோல்ட்டிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறியது. அதற்கெனத் தனி நான்முனை இணைப்பு சேர்க்கப்பட்டது. ஐந்து வோல்ட்டையே பெரிதும் வழங்கும்படி வடிவமைத்த பழைய மின்வழங்கிகள் இம்மாற்றத்தில் திணறின. அவற்றுள் பலவற்றில் இரு அழுத்தங்களும் சேர்த்தே கட்டுப்படுத்தப்பட்டன. பன்னிரண்டின் மேல் சுமை ஏறினால் பன்னிரண்டு தாழும், ஐந்து உயரும். அளக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

பொய்ச்சான்றும் உப்பிய மின்தேக்கியும்

நல்லேற்பாடு எதற்கும் போலி உண்டு. மிக மலிவான சில மின்வழங்கிகளில் 'மின்சாரம் நன்று' என்னும் கம்பியை எந்தச் சோதனைச் சுற்றும் இன்றி நேராக ஐந்து வோல்ட்டோடு இணைத்துவிடுவார்கள். மாணவன் தன் தேர்வுத்தாளைத் தானே திருத்தி முழு மதிப்பெண் போட்டுக்கொள்வது போன்றது அது!

மற்றொன்று, ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உலகையே பாதித்த மின்தேக்கிச் சிக்கல். தரமற்ற வேதிநீர் நிரப்பிய அலுமினிய மின்தேக்கிகள் ஓரிரு ஆண்டுகளிலேயே உப்பி, தலை வெடித்துப் பழுப்பு நீர் கசிந்தன. தாய்ப்பலகைகளும் மின்வழங்கிகளும் வரிசையாக வீழ்ந்தன. டெல் நிறுவனம் 2005இல் இதற்காக 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க நேர்ந்தது. மின்தேக்கி நலிந்தால் அழுத்தத்தின் சராசரி சரியாகவே தோன்றலாம். ஆனால் அதன்மேல் சிற்றலைகள் பெருகும். கணினி காரணமின்றி உறையும், மறுதொடக்கம் ஆகும், கோப்புகள் சிதையும். பழி பெரும்பாலும் மென்பொருளின் மீதோ நச்சுநிரலின் மீதோ விழும்.

ஆறு கணினிகளின் கதை

பட்டர்வொர்த்தில் நான் கணினிக் கூடப் பொறுப்பாசிரியராக இருந்த பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்த கணினிகள் இருந்தன. விளையாட்டு விழாவில் பலகாரக் கடை போட்டும், வீடு வீடாகச் சென்று சீட்டு விற்றும் சேர்த்த பணம் அது. ஓராண்டில் அவற்றுள் ஆறு கணினிகள் பாடத்தின் நடுவே தாமாகவே அணைந்து எழத் தொடங்கின. பிள்ளைகள் தட்டச்சுச் செய்த கட்டுரை பாதியில் மறையும். மூன்றாம் முறை மறைந்தபோது ஒரு மாணவி எதுவும் சொல்லாமல் தாளையும் பென்சிலையும் எடுத்து எழுதத் தொடங்கிவிட்டாள்.

பார்க்க வந்த பழுதுபார்ப்பவர் ஒருவர், தாய்ப்பலகை போய்விட்டது, ஆறையும் கழித்துவிட்டுப் புதியன வாங்குவதே மேல் என்றார். எதையும் அளக்காமல் சொன்னார். சங்கத் தலைவர் என்னிடம், "டீச்சர், மறுபடியும் சீட்டு அடிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

தெரிந்த மின்பணியாளர் ஒருவரிடம் மல்ட்டிமீட்டர் இரவல் வாங்கி, அவரையும் உடன் வைத்துக்கொண்டு ஆறையும் அளந்தோம். சும்மா இருக்கும்போது எல்லாவற்றிலும் பன்னிரண்டு வோல்ட் எல்லைக்குள்தான் இருந்தது. படக்காட்சியையும் வட்டுப் படியெடுப்பையும் ஒருசேர ஓடவிட்டபோது நான்கு கணினிகளில் அது 11.2க்கும் கீழே இறங்கியது. மற்ற இரண்டில் அசையவில்லை. அவற்றின் கோளாறு வேறு. நான்கு புதிய மின்வழங்கிகள் வாங்கப்பட்டன. நான்கு கணினிகளும் மீண்டன. தாய்ப்பலகைகள் நலமாகவே இருந்தன. செலவு, ஒரு புதிய கணினியின் விலைக்கும் குறைவு.

அளக்கும் முறை

ஆசிரிய நண்பர்களுக்காக முறையாகத் தருகிறேன். முதலில் எச்சரிக்கை: மின்வழங்கிப் பேழையின் திருகுகளை ஒருபோதும் கழற்றாதீர்கள். உள்ளேயுள்ள மின்தேக்கிகள், மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் உயிர்பறிக்கும் அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். நாம் அளப்பது வெளியே வரும் கம்பிகளை மட்டுமே. அளக்கும்போது மாணவர்கள் அறையில் இருக்க வேண்டாம். சுவர்ச் செருகுதுளையை அளக்கும் வேலையைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.

1. மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின்னழுத்த நிலையில் வையுங்கள். புதிய பேட்டரி ஒன்றை அளந்து, 1.5 வோல்ட்டை ஒட்டி 1.6 வரை காட்டுகிறதா என்று பாருங்கள். கருவியையே சோதிக்காமல் பிறவற்றைச் சோதிக்கலாகாது.

2. கருவியின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியின் இணைப்பில் வையுங்கள். சிவப்பு முனையால் மற்றவற்றைத் தொடுங்கள். வழக்கமான ஏ.டி.எக்ஸ். நிறங்கள்: மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, ஊதா அணைந்த நிலையிலும் வரும் 5, நீலம் எதிர்மறை 12. சில நிறுவனங்கள் தமக்கெனத் தனி நிறமுறை வைத்திருப்பதால் விளக்கக் குறிப்பைப் பாருங்கள். சிவப்பு முனை ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளைத் தொட்டுவிடக் கூடாது.

3. ஏற்கத்தக்க எல்லைகள்: 12 வோல்ட்டுக்கு 11.40 முதல் 12.60 வரை; 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட்டுக்கு 3.14 முதல் 3.46 வரை. எதிர்மறை 12க்கு மட்டும் நூற்றுக்குப் பத்து விலகலாம்.

4. ஒருமுறை அளந்து நிறுத்தாதீர்கள். கணினி சும்மா இருக்கும்போது ஒரு முறை, கடும்வேலை செய்யும்போது ஒரு முறை, அரைமணி நேரம் சூடேறிய பிறகு ஒரு முறை எனக் குறித்துக்கொள்ளுங்கள். சுமை ஏறும்போது எவ்வளவு சரிகிறது என்பதே மின்வழங்கியின் உண்மை முகம். கணினியில் இணைக்காமல், பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்து விசிறி சுழல்வதைப் பார்ப்பது போதுமான சோதனையன்று. சுமையே இல்லாதபோது நோயாளியும் நலமாகத்தான் நிற்பான்.

5. திரையில் தெரியும் பயாஸ் அளவுகளை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள். தாய்ப்பலகையின் உணர்கருவி தவறாகக் காட்டுவது உண்டு. கம்பியில் அளந்ததே தீர்ப்பு.

6. மல்ட்டிமீட்டருக்கும் எல்லை உண்டு. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், ஐந்திலும் 3.3லும் 50 மில்லிவோல்ட் என வரையறுக்கப்பட்ட சிற்றலைகளை அதனால் காட்ட முடியாது. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். அக்கருவி இல்லாத நாம், அளவு சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், நன்றாக இயங்கும் வேறொரு மின்வழங்கியை மாற்றி வைத்துப் பார்ப்பதே வழி.

நிறைவாக...

மடிக்கணினியும் கைப்பேசியும் பெருகிவிட்ட இக்காலத்திலும் பல பள்ளிக் கூடங்களில் மேசைக் கணினிகளே உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கழிக்கும் முன் ஐந்து நிமிடம் அளந்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். இரவல் மல்ட்டிமீட்டர் போதும். அளந்த எண்களை நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு அது பெரும் உதவியாக அமையும்.

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலுக்கடியில் கிடந்த கம்பியின் பழுதைக் கரையில் இருந்தபடியே கண்டறிந்தவர்கள் ஊகத்தை நம்பவில்லை, எண்ணை நம்பினார்கள். நம் பிள்ளைகளின் கட்டுரைகள் பாதியில் மறையாமல் இருக்க நமக்கும் அதுவே வழி.

உங்கள் பள்ளிக் கணினிக் கூடங்களில் இத்தகைய பட்டறிவு இருந்தால் எழுதுங்கள். பிற ஆசிரியர்களுக்கும் பயன்படும்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஓர் ஆசிரியை